'ஆடுவோமே' யார் வீட்டுச் சொத்து?



சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கலைநிகழ்ச்சிக்காகப் பிள்ளைகளுக்குக் கும்மி பழக்கினேன். பாட்டு, பாரதியாரின் 'ஆடுவோமே'. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இதைப் பாடுனா யாருக்காச்சும் காசு கொடுக்கணுமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இசைத்தட்டிலோ படத்திலோ அதைப் பாட, ஒரு காலத்தில் உரிமைக்காரரிடம் அனுமதி கேட்கத்தான் வேண்டியிருந்தது.

பாட்டின் பிறப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'சுதந்திரப் பள்ளு'. பள்ளு என்பது வயலில் உழுது நட்டுப் பிழைத்த பள்ளர் மக்களின் வாழ்வைப் பாடும் பழைய இலக்கிய வகை. முக்கூடற்பள்ளு அவற்றில் பேர்பெற்றது. பாரதியாரும் தம் பாட்டுக்குப் 'பள்ளர் களியாட்டம்' என்றே குறிப்பு வைத்தார். வெள்ளையர் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, விடுதலை வந்துவிட்டதாகப் பாடினார். அந்த ஆனந்தத்தைப் பாடும் வாயைப் பண்டிதருக்கோ ஜமீன்தாருக்கோ கொடுக்காமல், மண்ணில் உழைத்தவர்களுக்குக் கொடுத்தார். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது சின்ன விஷயமா?

பாரதியார் 1921இல் மறைந்தார். குடும்பம் வறுமையில் இருந்தது. பின்னாளில் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஜெய்சிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போயிற்று. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதை வாங்கினார். 1947இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாட, பாட்டு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. செட்டியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படம் வராதிருந்தால் அது எத்தனை லயத்து வீடுகளுக்கு எட்டியிருக்கும்?

சிக்கல் அதற்குப் பின்புதான் வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்திலும் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றது. செட்டியார் தரப்பு எதிர்த்தது; வழக்காயிற்று. மக்கள் கவியின் பாட்டு ஒருவர் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கலாமா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த சென்னை அரசு உரிமைகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. செட்டியார் பணம் வாங்காமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். பாரதியாரின் குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. 1955இல் அவை மக்களுக்கே பொதுவாயின.

நம் பிள்ளைகள் கேக் வெட்டும்போது பாடுகிறார்களே, 'ஹேப்பி பர்த்டே', அதற்கும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஹில் சகோதரிகள் 1893இல் பாலர் பள்ளிக்காக வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது. (இருவரில் ஒருவர் ஆசிரியை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.) அந்தப் பிறந்தநாள் பாட்டுக்கு நிறுவனங்கள் பல்லாண்டு பணம் வசூலித்தன. 2015இல்தான் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. சென்னை அரசுக்கு 1949இலேயே புத்தி வந்துவிட்டது பாருங்கள்!

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். மறுநாள் அதே மாணவி, ஆயாக்கொட்டகையில் தன் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்றைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். "அடியில் யார் பேரு போடறது, டீச்சர்? பாட்டி அவுங்க அம்மாகிட்ட கேட்டதாம்." இரண்டு பெயரையும் எழுதச் சொன்னேன். கொள்ளுப்பாட்டியின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுவர வீட்டுக்கு ஓடினாள்.