எந்தக் குறவஞ்சியை வாங்குவது?

(நம் குடியிருப்பின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மாலை, மின்சாரமும் இருக்கிறது, மழையும் இல்லை. அப்படியிருந்தும் மாடியிலிருந்து இறங்கி வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

ஆண்டு விழாவில் இந்த முறை சினிமாப் பாட்டுக்கு ஆடாமல் தமிழில் ஒரு பழைய நாடகம் போடலாம் என்று செயற்குழுவில் பேசினோம். திருக்குற்றாலக் குறவஞ்சி என்று முடிவானது. வாசகசாலைக்கு அந்த நூலை உரையோடு வாங்குவதற்குப் பணமும் ஒதுக்கியாகிவிட்டது. எந்தப் பதிப்பை வாங்குவது என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. 'புத்தகம்தானே, எதை வாங்கினால் என்ன' என்று நம்மில் ஒருவர் கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி அவரைப் பார்த்து மயங்குகிறாள். நிலாவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள், தோழியிடம் புலம்புகிறாள். அப்போது மலையிலிருந்து குறத்தி வருகிறாள். தன் மலையின் பெருமை பேசி, கையைப் பார்த்துக் குறி சொல்லி, பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். அவளைத் தேடிக்கொண்டு பறவை பிடிக்கும் சிங்கன் வருகிறான். அவனுக்குத் துணையாக நூவன். கடைசியில் சிங்கனும் சிங்கியும் சந்திக்கிறார்கள். முதல் பாதி காதல் என்றால் பின் பாதி சிரிப்பு. ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களில் மேலே பிரபுக்களின் காதலும் கீழே வேலைக்காரர்களின் வேடிக்கையும் ஓடுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

எழுதியவர் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தைச் சேர்ந்த திரிகூட ராசப்பக் கவிராயர். காலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். பின்னால் தஞ்சையில் சரபோஜி மன்னர் மேல் சிவக்கொழுந்து தேசிகர் ஒன்று பாடினார். வேதநாயக சாஸ்திரியார் அதே அமைப்பில் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். அரசனோ, ஆண்டவனோ, இயேசுவோ, யார் தலைவராக இருந்தாலும் குறத்தி வந்து குறி சொல்லத்தான் செய்தாள். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக மேடையேற்றியதும் குற்றாலக் குறவஞ்சியைத்தான்.

இனி பதிப்புக்கு வருவோம். மூலம் மட்டும் போதும் என்றால் மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதைக் கைப்பேசியில் இறக்கிப் படித்த நம் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. 300 ஆண்டுக்கு முந்தைய பாட்டு, சந்தத்துக்காகச் சொற்கள் ஒட்டிக் கிடக்கும். உரை இல்லாமல் முடியாது.

கடையில் உரைநூலை எடுத்தால் அட்டையையோ முன்னுரையில் யார் யாரைப் பாராட்டியிருக்கிறார்கள் என்பதையோ பார்க்காதீர்கள். நேராக மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள்.

முதலில் குறத்தி மலைவளம் பாடும் இடம். பள்ளிப் பாடத்தில் குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சும் பாட்டைப் படித்திருப்பீர்கள். அதோடு வரும் இன்னொரு பாட்டில் மலைகளையெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் பங்கு போடுகிறாள். கொல்லிமலை தங்கைக்கு, பழனி புருஷனுக்கு, விந்தியம் அப்பாவுக்கு, இமயம் அண்ணனுக்கு! நாட்டையே குடும்பச் சொத்தாக்கிவிடுகிறாள். கல்வராயன் மலையை விட்டுவிட்டாளே என்று எனக்குச் சின்ன வருத்தம்தான். அந்தப் பாட்டில் 'செல்லி' என்று ஒரு சொல் வருகிறது. அது தங்கையின் பெயர் என்று சொல்லாமல் 'கொல்லி மலை, செல்லி மலை' என்று இரண்டு மலைபோலப் பொருள் எழுதி நகரும் உரையாக இருந்தால் அந்தப் புத்தகத்தை அப்படியே வைத்துவிடலாம். குறிப்பு தேவைப்படும் இடத்தில் உரைகாரர் நின்று சொல்கிறாரா என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடும். நல்ல உரையில் அந்தப் பெருமையடிப்பின் நகைச்சுவையும் ஒரு வரியில் வந்துவிடும்.

அடுத்து, பாட்டின் தலைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே இராகம், தாளம் இருக்க வேண்டும். இது பாடி ஆடுவதற்காக எழுதியது. சில மலிவுப் பதிப்புகளில் இடம் மிச்சம் பிடிக்க இதை எடுத்துவிடுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறவருக்கு அதனால் நட்டமில்லை. நமக்கு அது இல்லையென்றால் பாதி நூல் போனமாதிரி. இராகத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம், பாட்டு சொல்லிக்கொடுக்கும் அம்மா மாற்றத்தான் போகிறார். ஆனால் எதிலிருந்து மாற்றுகிறோம் என்று தெரிய வேண்டும்.

மூன்றாவது இடம் சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் கட்டம். இங்கேதான் நான் உங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தப் போகிறேன்.

ஊர் ஊராகக் குறி சொல்லிச் சம்பாதித்த நகைகளோடு நிற்கிறாள் சிங்கி. சிங்கனுக்கு நகை என்றால் என்னவென்றே தெரியவில்லை. காலில் விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சிலம்பு, சேலத்துப் பக்கம் குறி சொன்னதற்குக் கிடைத்தது என்கிறாள். நமக்குப் பக்கத்து மாவட்டம்! இப்படியே கேள்வியும் பதிலுமாகப் போகும். கைதட்டல் நிச்சயம். அதனால்தான் நம் இளைஞர்கள் முதலில் இந்தக் காட்சியையே கேட்டார்கள்.

ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. குறவர் என்பது கதையில் மட்டும் வரும் பெயர் இல்லை. இன்று நம்மோடு வாழும் மக்கள். 'குறவன் குறத்தி ஆட்டம்' என்ற பெயரில் மேடைகளில் நடந்த ஆபாசம் அந்தச் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்து அரசாணை வெளியிட்டது. குறவஞ்சி வேறு, அந்த ஆட்டம் வேறு. ஒன்று சிற்றிலக்கிய வகை, மற்றது கரகாட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த ஒரு மேடை வழக்கம். ஆனால் நம் அழைப்பிதழில் அவசரத்தில் யாராவது பெயரை மாற்றி அச்சடித்தால், அல்லது சிங்கனுக்குக் கோமாளி வேடம் போட்டு இரட்டை அர்த்தம் பேசவைத்தால், அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

இன்னொன்று. 'பக்கத்தில்தானே மலை, மலைவாழ் மக்களின் உடையையே போட்டுவிடலாம்' என்று ஒரு யோசனை வந்தது. கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். அவர்கள் குறவர் இல்லை. வெள்ளிமலைச் சந்தையில் நம்மோடு நின்று காய் வாங்குகிறவர்களின் உடையை மேடையில் வேடமாகப் போட்டுக்கொண்டு, பிறகு மேகம் அருவிக்குச் சுற்றுலா போய் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

ஆகவே உரைகாரர் இந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று படித்துப் பாருங்கள். 'காட்டுமிராண்டி', 'அறிவிலி' என்று தன் சரக்கைச் சேர்க்கிறாரா? அல்லது சிங்கி சிங்கனைவிட எவ்வளவு கெட்டிக்காரி, நாடு சுற்றி வந்தவள், கேள்விக்குக் கேள்வி அவனை மடக்குகிறவள் என்று காட்டுகிறாரா? மூலத்தைப் படித்தால் இரண்டாவதுதான் சரி என்பது என் எண்ணம். நாடகத்திலேயே அதிகம் உலகம் தெரிந்தவள் குறத்திதான். வசந்தவல்லிக்குத் தெரு தாண்டத் தெரியாது.

சிருங்காரப் பாட்டுகளைப் பற்றியும் சிலர் கவலைப்பட்டார்கள். வசந்தவல்லியின் வருணனை, சிங்கனின் தாபம் எல்லாம் வெளிப்படையாகத்தான் இருக்கும். மேடைக்கு வேண்டாததை நாம் விட்டுவிடலாம். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிய பதிப்பை வாங்கக் கூடாது. ரசிகமணி டி.கே.சி. கம்பனில் இடைச்செருகல் என்று தோன்றியதையெல்லாம் நீக்கிப் பதிப்பித்தார். பலர் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் செய்தவர் யார், ஏன் செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாத கத்தரிக்கோல்தான் ஆபத்து. பாட்டு எண்கள் இடையில் தாவுகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அச்சு அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியருக்கு ஃபோல்ஜர் பதிப்பு என்று ஒன்று உண்டு. வலப்பக்கம் நாடகம், எதிர்ப்பக்கம் குறிப்பு. நடிக்கிறவர் கண்ணைத் திருப்பினால் போதும். ஆர்டன் பதிப்பில் குறிப்புகள் பக்கத்தின் அடியில் கூட்டமாக இருக்கும், ஆராய்ச்சிக்காரருக்கு விருந்து. தமிழில் நமக்கு வழக்கமாகக் கிடைப்பது பாட்டு, அடியில் தெளிவுரை. அதுவே நமக்குப் போதும், எழுத்து பெரிதாக இருந்தால். ஒத்திகைக்கு வரும் தாத்தா பாட்டிகளையும் நினைக்க வேண்டுமல்லவா.

என் பரிந்துரை இதுதான். புலியூர்க் கேசிகன் உரை எளிமையானது. பதம் பிரித்துப் படிக்க உதவும். அவருடைய நூல்கள் நாட்டுடைமையானவை என்பதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. அதனால் உரைகாரர் பெயரைப் பார்த்ததும் வாங்கிவிடாமல் மேலே சொன்ன மூன்று இடங்களையும் அச்சுப்பிழையையும் பார்த்து வாங்க வேண்டும். அதில் இரண்டு பிரதி. கூடவே சொல்லுக்குச் சொல் பதவுரையும் இலக்கணக் குறிப்பும் உள்ள விரிவான பழைய உரை ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் ஒரு பிரதி. சந்தேகம் வந்தால் அதைப் புரட்டலாம். கல்லூரி மாணவர்களுக்கான வினா-விடைப் பதிப்பு வேண்டவே வேண்டாம்.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சிக்குப் போகிற இரண்டு பேர் பார்த்து வாங்கி வருவார்கள். அங்கே கிடைக்காவிட்டால் சென்னையிலிருந்து வரவழைக்கலாம். பந்தாடும் பாட்டுக்கு எட்டுப் பெண் பிள்ளைகள் வேண்டும், இதுவரை ஐந்து பெயர்தான் வந்திருக்கிறது. சிங்கி வேடத்துக்கு நன்றாக வாயாடுகிறவர் தேவை. இரண்டாம் மாடியில் ஒருவர் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் சம்மதித்தால் சரி.