எடைக்குப் போகாத கரை

(நமது நலச்சங்கத்தின் பொங்கல் குடும்ப விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், உங்க வீட்டு ஹால்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பட்டுத் துண்டுகளைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் கலை படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். பல வருஷம் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். அங்கே ஒரு பாடம் உண்டு. மாங்காய் மாலையோ காசு மாலையோ, எவ்வளவு நுணுக்கமான வேலையாக இருந்தாலும் அதற்குக் கடன் கிடையாது. கல் எடையைக் கழித்து, நிகர எடைக்குத்தான் கணக்கு. வங்கிக்கு அது சரி. அந்தக் கண்ணை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன் என்பதுதான் என் கதை.

1986ஆம் வருஷம். ஸ்கூட்டர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். தெருவில் "பழைய பட்டுச்சேலை, ஜரிகைச்சேலை வாங்கறதேய்" என்று குரல் கேட்டது. பெட்டியில் அம்மாவின் கூறைச்சேலை இருந்தது. 1951இல் சேலம் கடைவீதியில் எடுத்த காஞ்சிபுரத்துப் பட்டு. மடிப்பில் எல்லாம் விட்டுப்போய், தொட்டால் கிழியும் நிலை. "வெட்டியாத்தானே கெடக்குது, குடுத்துப்போடு கண்ணு" என்றார் அம்மா. வந்தவர் ஜரிகையை உரசிப் பார்த்து, தராசில் போட்டு, 640 ரூபாய் கொடுத்தார். அம்மா ஒருமுறை அதைக் கையில் வாங்கி, மடிப்பைச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தார். அதற்குப்பிறகு அந்தச் சேலையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்தக் காலத்து அசல் ஜரிகை எப்படிப்பட்டது என்று இளையவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் பட்டு நூல். அதன்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, தங்க முலாம் கொடுத்திருப்பார்கள். சேலையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அதை உருக்கிப் பழைய வெள்ளி விலைக்கு விற்றுவிடலாம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்த காரியமும் இல்லை. ஐரோப்பாவில் 'டேப்பஸ்ட்ரி' என்று ஒன்று உண்டு. காட்சிகளையும் உருவங்களையும் தறியிலேயே நெய்து அரண்மனைச் சுவர்களில் தொங்கவிடும் பெரிய திரைகள். 1797இல் பிரான்சின் புரட்சி அரசு பணமுடையில், மன்னர்களின் சேகரிப்பில் இருந்த அத்தகைய திரைகள் பலவற்றை, அவற்றில் ஓடிய தங்க, வெள்ளி இழைகளுக்காக எரித்தது. அதைப் படித்த அன்று, 640 ரூபாய் ஞாபகம் வந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா காலமாகிப் பல வருஷம் கழித்து, அக்கா ஒரு பழைய பாவாடையை எடுத்துவந்தார். சேலையின் உள்தலைப்பு முன்பே கிழிந்தபோது, அந்தக் கரையை வெட்டி அக்காவின் பாவாடைக்கு அடியில் அம்மா வைத்துத் தைத்திருக்கிறார். அரக்குக் கரை, ருத்திராட்சம், அதற்குமேல் மயில்கண். "தம்பி, சேலைதான் போச்சு. இதையாவது நீ வச்சுக்கோ" என்றார். பதிலே சொல்லத் தெரியவில்லை. என் சேகரிப்பில் முதல் துண்டு அதுதான். இன்று பதினேழு துண்டுகள் இருக்கின்றன. எல்லாம் சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் தூக்கிப்போட வைத்திருந்தவை.

ஒரு துண்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றிருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் ஊடை நூல்கள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருக்கும். இதுதான் கோர்வை. மூன்று நாடா ஓட்டி, பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாகச் சேர்த்த வேலை. தராசில் ஏறாதது இந்த வேலைதான். 1930களின் கடைசியில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் தொடங்கியபோது, பழைய சேலைகளின் நிறத்தையும் கரையையும் பார்த்துத்தான் அவற்றை மறுபடி நெய்ய வைத்தார்கள். பழைய துணி ஒரு சாண் இருந்தால் தெரிந்த நெசவாளர் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார். சாம்பலிலிருந்து முடியாது.

இனி மாட்ட விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

முதலில், முழுதாக இருக்கும் சேலையை அலங்காரத்துக்காக வெட்டாதீர்கள். கிழிந்ததை மட்டும் எடுங்கள்.

துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

பசை கூடவே கூடாது. என் இரண்டாவது துண்டைப் பசை போட்டு அட்டையில் ஒட்டினேன். இரண்டே வருஷத்தில் பழுப்பேறி விறைத்துவிட்டது. துவைத்து கஞ்சி போன பழைய பருத்தி வேட்டியின்மேல் துண்டை வைத்து, மெல்லிய ஊசியால் தளர்வாகத் தையல் போடுங்கள். கண்ணாடி துணியைத் தொடாதபடி சட்டத்தில் ஓரமாகச் சிறு கட்டை வைக்கச் சொல்லுங்கள்.

வெயில் படும் சுவரும், மழைக்கு ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. நம் பிளாக்கில் மேற்குப் பார்த்த ஹால் உள்ளவர்கள் உள்சுவரில் மாட்டுங்கள்.

மாட்டாமல் பெட்டியில் வைப்பவர்கள், துண்டைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையைத் தொட்டால் கறுக்கும். மடித்துத்தான் வைக்க வேண்டுமென்றால் சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

பட்டு இல்லாத வீடுகள் வருத்தப்பட வேண்டாம். அப்பாவின் கல்யாண வேட்டி சேலம் வெண்பட்டாக இருந்தால், அதன் கரை ஒன்றே ஒரு சுவருக்குப் போதும். கல்யாண வீடுகளில் விரித்த பவானி ஜமக்காளம் பரணில் கிடக்கிறதா பாருங்கள். டேப்பஸ்ட்ரி போலவே அதிலும் ஊடை நூல் பாவு நூலை முழுவதும் மூடிவிடும். ஓரம் நைந்த ஜமக்காளத்தில் நல்ல பகுதியை ஒரு மரக்கழியில் தொங்கவிட்டால் அந்த வண்ணப் பட்டைகளால் ஹாலே மாறிவிடும். எனக்குச் செலவானது கழிக்கும் ஆணிக்கும் மட்டும்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சீட்டு. யாருடையது, எந்த வருஷம், எந்த ஊரில் எடுத்தது, எந்த விசேஷத்துக்கு என்று எழுதிச் சட்டத்தின் பின்னால் வையுங்கள். சீட்டு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது மறுபடி எடைச்சரக்குதான். என்னிடம் உள்ள பதினேழில் ஐந்துக்குச் சீட்டு எழுத முடியவில்லை. கேட்க வேண்டியவர்கள் இப்போது இல்லை.

பணமுடை வந்தால் விற்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பிள்ளை படிப்புக்கும் வைத்தியத்துக்கும் விற்றவர்கள் நம்மில் உண்டு. ஆனால் எடைக்குப் போடும் முன், அந்தச் சேலையைக் கட்டியவரிடம் அதன் கதையைக் கேளுங்கள். கரையிலிருந்து ஒரு சாண் நறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். அதனால் குறையும் தொகை பெரிதாக இருக்காது. நான் அன்று ஒரு சாண் கேட்டிருந்தால், அம்மா தன் கையாலேயே நறுக்கிக் கொடுத்திருப்பார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். ஊசி, நூல், பழைய வேட்டி என் பொறுப்பு. துண்டையும், முடிந்தால் அந்தக் கதை தெரிந்த பெரியவரையும் அழைத்து வாருங்கள்.