சபை நாட்டுதலும் ஊரும்



புதிய சபைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எத்தனை ஆலயங்கள், எத்தனை ஞானஸ்நானங்கள் என்ற கணக்குத்தான் முந்திக்கொள்கிறது. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றோடு வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. சபை வந்த பிறகு அந்த ஊர் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்ததை எண்ணிப் பாருங்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்களில் துன்புறுத்தப்பட்டார்கள். உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் இதுவே வழிமுறையாயிற்று. பிரஷ்யப் பிரபு டோனாவின் நன்கொடையால் டோனாவூர் உருவானது. இப்படி நிலம் வாங்குவதற்கென்றே 1830இல் தர்ம சங்கம் தோன்றியது. அடுத்தவர் நிலத்தில் அண்டிப் பிழைத்தவர்களுக்கு, எவரும் வெளியேற்ற முடியாத ஒரு வீடும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் கிடைத்தன. இந்த நன்மையைச் சிறிதாக்கிப் பேச என் மனம் ஒப்பாது.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பழைய ஊரில் அக்கம்பக்கமாக இருந்தவர்கள் விலகிப்போனார்கள். குடியிருப்புகள் பல ஒரே சாதியாரின் ஊர்களாகவே நிலைத்தன. அந்தச் சாதி எல்லையைத் தாண்ட நம் சபைகள் இன்றும் திணறுகின்றன. இது எனக்குத் தீராத வேதனை.

வேதநாயகம் அசரியாவை இங்கேதான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவரும் தோழர்களும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பணமும் ஆட்களும் இந்த மண்ணிலிருந்தே வர வேண்டும் என்பது அவர்கள் உறுதி. 1909இல் அவர் தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அங்கே மாலா, மாதிகா சாதி மக்கள் பெருந்திரளாகச் சபைக்கு வந்தார்கள், தங்கள் சேரிகளை விட்டுப் போகாமலே. நேற்றுவரை தங்களை அறிந்திருந்த ஊரின் கண்முன்னே வாழ்ந்துகாட்ட வேண்டிய சபை அது. அதுவே கடினமான வழி. எனக்கு அதுவே சரியான வழியாகவும் தோன்றுகிறது.

இன்று சென்னையின் கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பாருங்கள். நீர்நிலைக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை, வேலைக்கும் பழைய பள்ளிக்கும் எட்டாத தொலைவில் கொண்டுவந்து குடியமர்த்தியிருக்கிறார்கள். முதலூருக்குப் போனவர்கள் அடைக்கலம் தேடிப் போனார்கள்; இவர்களோ இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள். இங்கே சபை தொடங்க நினைப்பவர் வாடகைக்கு ஓர் அறையும் ஒலிபெருக்கியும் தேடுவதற்கு முன், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று மாடிமாடியாக ஏறி விசாரிக்கட்டும். சபையில் சேராத வீட்டுப் பிள்ளைக்கும் அந்த அக்கறை குறையாமல் கிடைக்க வேண்டும்.

ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மிஷனரிகளின் கடிதங்களை நாம் நிறையப் படித்துவிட்டோம். உபதேசியார்களின் நாட்குறிப்புகள், சேகரப் பதிவேடுகள், நிலப் பத்திரங்கள் ஆகியவற்றைத் தேடிப் பிடியுங்கள். சபை வந்த ஊர்களில் சபையில் சேராதவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய், அவர்கள் வீட்டில் அந்தச் சபையைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தக் குரல் நம் வரலாற்று நூல்களில் அநேகமாக இல்லை. இந்தக் கருத்தரங்கு அதைத் தேடத் தொடங்கட்டும் என்று கூறி, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.