சிறுபொழுதுகளின் தமிழ்



இம்மேடை காப்பியங்களுக்கும் இலக்கணத்திற்கும் பழகிய மேடை. நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பவையோ திரைப்படம், பாட்டு, வீட்டிலும் வழியிலும் கடந்துபோகும் சிறு நேரங்கள். இவை ஒரு சொற்பொழிவுக்கு உரிய பொருளாகுமா என்று எவரேனும் கேட்டால், தொல்காப்பியரைத்தான் துணைக்கு அழைப்பேன். அகப்பாட்டின் முதற்பொருள் நிலமும் பொழுதும் என்றார் அவர். பொழுதினைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகப் பகுத்துக் கற்கிறோம். பெரும்பொழுது ஆறும் நம் தீவுக்குப் பொருந்துவதில்லை. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே வாழும் நமக்குக் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில் எழுகிறான், ஏழு மணியளவில் மறைகிறான். முன்பனியையும் பின்பனியையும் நாம் பாடநூலில் மட்டுமே கண்டிருக்கிறோம். ஆனால் மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்னும் சிறுபொழுது ஆறும் நம்மிடம் குறைவின்றி உள்ளன. அந்த ஆறு பொழுதுகளிலும் நம் நாவில் எந்த மொழி இருக்கிறது என்பதே என் கேள்வி.

விழா நாளில் தமிழ் இருக்கிறது. தேர்வு நாளில் இருக்கிறது. திருமண அழைப்பிதழில் கட்டாயம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசியோர் நூற்றுக்கு 3.3 பேர். 2020இல் அது 2.5 ஆயிற்று. இந்த எண்களைச் சொல்லி அஞ்சவைப்பது என் நோக்கமன்று. அதைச் செய்ய வேறு கூட்டங்கள் உள்ளன. குறைந்திருப்பது எத்தகைய தமிழ் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். வீட்டில் பேசும் தமிழ் என்பது சிறுபொழுதின் தமிழ். “மழை வரப்போகிறது, துணியை எடு” என்னும் தமிழ். அது மேடையில் முழங்குவதில்லை, ஆகையால் அது போவதும் காதில் விழுவதில்லை.

எங்கள் வீட்டில் அந்தத் தமிழுக்குப் பின்னணியாக எப்போதும் வானொலி ஒலித்துக்கொண்டிருந்தது. மூத்தோர் பலர்க்கு ‘நேயர் விருப்பம்’ நினைவிருக்கும். ஓர் அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும், அதைக் கேட்க விரும்புவோர் பெயர்களையும் எழுதி அனுப்ப வேண்டும். அறிவிப்பாளர் பாட்டுக்கு முன் பெயர்களை வரிசையாக வாசிப்பார். புளோக் எண்ணோடு வாசித்த நாள்களும் உண்டு. தாத்தா, பாட்டி, பிறந்து மூன்று மாதமான பேத்தி என ஒரு குடும்பம் முழுவதும் அதில் அணிவகுக்கும். பாட்டு மூன்று நிமிடம் என்றால் பெயர்கள் இரண்டு நிமிடம் ஓடும்.

என் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். 1970களில் ஒருநாள் மாலை, பி. சுசீலா பாடிய ஒரு பாட்டுக்கு முன்பாக அறிவிப்பாளர் எங்கள் தாயாரின் பெயரைச் சொன்னார். ‘அன்புத் துணைவியாருக்காக’ என்று சொல்லித் தந்தையாரின் பெயரையும் சொன்னார். அட்டை அனுப்பிய செய்தியை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அம்மா தாளித்துக்கொண்டிருந்த அடுப்பின் தீயைக் குறைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே பாட்டு முடியும்வரை நின்றார். முடிந்ததும், “அரிசி தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்கணும்” என்றார். அப்பா, “சரி” என்றார். நானறிந்த வரையில் அவ்விருவரும் ஒருவர்க்கொருவர் அன்பைச் சொல்லிக்கொண்ட ஒரே நாள் அதுதான்.

அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கூடாது என்பது நம் மரபு. எவர் பெயரையும் சுட்டினால் அது அகமாகாது. திரைப்பாட்டு பெரும்பாலும் இந்த விதியை இன்றும் காக்கிறது. அதில் வருபவர்கள் நீ, நான், அவள், அவன். பெயரில்லாத காரணத்தால்தான் அது கோடம்பாக்கத்தில் பிறந்து தெலுக் பிளாங்காவில் ஒரு சமையலறைக்குள் நுழைய முடிந்தது. பெயரைச் சேர்க்கும் வேலையைச் செய்தவர் நேயர். ஓர் அஞ்சலட்டையால் அவர் அகத்தைத் தம் வீட்டுக்கு உரியதாக்கிக்கொண்டார். திரைப்பாட்டைக் கேளிக்கை என்று ஒதுக்கும் அறிஞர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்: பாட்டை மட்டும் அவர்கள் எடை போடுகிறார்கள், அட்டையைப் படிப்பதில்லை.

ஆயினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அப்பா தம் சொந்தச் சொல்லால் அதைச் சொல்லியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? அம்மா அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். பாட்டு நமக்காகப் பேசிவிடுகிறது. நன்றாகவே பேசுகிறது. அதற்குப் பின் நாம் பேச வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகிறோம். இன்று அஞ்சலட்டை இல்லை. கைப்பேசியில் பாட்டை அனுப்புகிறோம், எதிர்முனையிலிருந்து சிவப்பு இதயம் ஒன்று வருகிறது. உரையாடல் முடிந்தது.

இரவல் சொல்லைப் போலவே இரவல் காட்சியும் உண்டு. நம் ஊரைத் தமிழ்த் திரையில் முதன்முதலாகக் கண்ட நாள் பலர்க்கு மறந்திருக்காது. எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973இல் வந்தது. சுஜாதாவின் கதையைத் தழுவி எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ப்ரியா’ 1978இலும், கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ 1979இலும் வந்தன. மூன்றிலும் சிங்கப்பூர் இருக்கிறது. ‘ப்ரியா’வைத் திரையரங்கில் பார்த்தபோது நான் சிறுவன். ரஜினிகாந்தை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் தெரிந்த சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கில் நான் மட்டும் அப்படி இருக்கவில்லை. தெரிந்த கட்டடம் வந்தபோதெல்லாம் கைதட்டல் எழுந்தது. கதாநாயகனுக்கு அது வெளிநாடு. கைதட்டியவர்களுக்கு அது வேலைக்குப் போகும் வழி. பாட்டு இளையராஜாவுடையது, இன்றும் இனிக்கிறது. ஆனால் அந்தச் சாலைகளுக்குப் பின்னால் இருந்த வீடுகளில் எவரும் அரிசி தீர்ந்ததைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அவர்கள் சுற்றிப்பார்க்க வந்தவர்கள்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன். இங்குள்ள மலாய்க் குடும்பத்தின் சிரிப்பையும் கண்ணீரையும் திரைக்குக் கொண்டுவந்தவர்களுள் நம்மவரும் உண்டு. நம் சொந்தச் சமையலறைக்குள் படப்பெட்டி நுழையத்தான் வெகுகாலம் ஆயிற்று.

நுழைந்தபோது அதைக் கொண்டுவந்தவர் தமிழர் அல்லர். எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. குடிப்பழக்கத்திற்கு ஆளான மாயவித்தைக்காரத் தந்தை, அவரைத் தாங்கிப்பிடிக்கும் சிறுவன், அவர்களிடையே சிங்கப்பூர்த் தமிழ். அழகுபடுத்திய தமிழன்று அது. எல்லைக்கு அப்பால், மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015இல் வந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள், 1990களின் தொடக்கம், தன் போக்கில் வளரத் துடிக்கும் ஒரு சிறுவன். அந்தப் படத்தின் பெயரே மலாய்ச் சொல் ஒன்று நம்மவர் நாவில் அடைந்த வடிவம். அதில் பேசப்படும் தமிழ் அந்த மண்ணில் விளைந்தது. இப்படங்களைப் பார்த்தபோது எவரும் கைதட்டவில்லை. சாலையைத் தேட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பாட்டிலும் இத்தகைய திருப்பம் ஒன்று நேர்ந்தது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, கோலாலம்பூரைச் சேர்ந்த யோகி பி குழுவினர் தம் சொல்லிசையை அதனுள் புகுத்தினர். 2006இல் வெளிவந்த ‘வல்லவன்’ தொகுப்பில் அது உள்ளது. தமிழகத்து இளைஞர்களும் அதைத் தேடிக் கேட்டனர். மூத்தோர் சிலர் பாட்டைக் கெடுத்துவிட்டதாக வருந்தினர். எனக்கு அது அஞ்சலட்டையின் அடுத்த படியாகவே தோன்றியது. பாட்டுக்கு முன் பெயரை மட்டும் சேர்த்தவர்கள், இப்போது பாட்டுக்கு நடுவே தம் பேச்சையும் சேர்த்துவிட்டார்கள்.

எழுத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. கல்கி, ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை, நாடகம், திரைப்படம் பற்றி எழுதிய ‘ஆடல் பாடல்’ குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். கச்சேரியைப் பற்றி எழுதுபவர் அரங்கத்து நாற்காலியையும் விடமாட்டார். ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா பல்லாண்டுகள் எழுதியவை திட்டமிட்ட கட்டுரைகள் அல்ல. பார்த்த படம், கேட்ட பாட்டு, பேருந்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியம் என எதுவும் அங்கே வரும். தமிழ் உரைநடை இளகியதில் அந்தக் கடைசிப் பக்கத்திற்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து. முன்பக்கங்களைப் படிக்காதவர்களும் அந்தப் பக்கத்தைப் படித்தார்கள்.

நம் நாட்டிலோ, மாணவர் கட்டுரைகளில் விபத்து நேர்கிறது. திருடன் பிடிபடுகிறான். மூதாட்டி சாலையில் மயங்கி விழுகிறார். ஒரு நூறு கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர் எவரும், சிங்கப்பூரில் மூதாட்டிகள் இத்தனை முறை விழுவதை எண்ணிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. எதுவும் நேராத ஒரு மாலையைப் பற்றி எழுதும்படி நாம் பிள்ளைகளிடம் கேட்பதில்லை. மின்தூக்கி, பலதுறை மருந்தகம், உணவங்காடி நிலையம் என்று அழகிய சொற்களை ஆக்கினோம். அச்சொல்லாக்கத்தில் உழைத்தவர்களை நான் வணங்குகிறேன். மின்தூக்கிக்குப் பெயர் வைத்தோம். அதனுள் அண்டை வீட்டாரோடு பத்து மாடி ஏறும்போது நிலவும் அந்த அமைதியைத் தமிழில் எழுதியவர்கள் மிகச் சிலரே.

என் மகள் மெல்பர்னில் படிக்கிறாள். தமிழில் எழுதக் கூச்சப்படுவாள். நான் பாட்டு அனுப்புவேன், அவள் இதயம் அனுப்புவாள். சென்ற ஆண்டு ஒருநாள், மழையைப் பற்றிய ஒரு பாட்டை அனுப்பினேன். இதயம் வரவில்லை. சிறிது நேரம் கழித்து, உரோம எழுத்தில், “அப்பா, இங்கயும் மழை பெய்யுது. ஆனா சத்தமே இல்ல” என்று வந்தது. நம் ஊர் மழையின் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவள் மட்டுமே எழுதக்கூடிய வாக்கியம் அது. எழுத்துப்பிழையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. “அப்போ எப்படித் தெரிஞ்சது மழைன்னு?” என்று கேட்டேன். அன்று நாங்கள் பாட்டை மறந்து ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நானும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். ஆறு சிறுபொழுதுகளுக்கும் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நண்பகல் பக்கம் ஏனோ நிரம்பவே மறுக்கிறது. மற்றவற்றிலிருந்து மூன்றை மட்டும் வாசித்துவிட்டு அமர்கிறேன்.

வைகறை. சுமத்ராக் காற்று. சன்னல்கள் அடித்துக்கொள்கின்றன. எழுந்து சமையலறைக்கு ஓடித் துணி காயும் கழியை உள்ளே இழுக்கிறேன். எதிர்ப் புளோக்கில் ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிகிறது. ஒவ்வொரு சன்னலிலும் ஒரு கை, ஒரு கழி. ஒருவர் முகமும் தெரியவில்லை. இத்தனை பேரும் இதே நேரத்தில் விழித்திருப்பது மழையால் மட்டுமே தெரிகிறது.

மாலை. மின்தூக்கியில் பன்னிரண்டாம் மாடி மலாய் மூதாட்டி. “சூடா மாக்கான்?” என்று கேட்டார், சாப்பிட்டாயிற்று என்றேன். பிறகு ரம்லியின் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். எனக்கு மெட்டுத் தெரியும், சொல் தெரியாது. மெட்டை மட்டும் சேர்ந்து முணுமுணுத்தேன். பத்தாம் மாடியில் நான் இறங்கினேன். கதவு மூடிய பிறகும் பாட்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

யாமம். இரவு பதினொன்றரை, கடைசி ரயில்களுள் ஒன்று. தமிழகத்துத் தொழிலாளர் ஒருவர் கைப்பேசித் திரையில் தம் குழந்தையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பாடுகிறார். அங்கே மணி ஒன்பது. பழைய திரைப்படத் தாலாட்டு. இரண்டாம் சரணத்தில் சொற்கள் அவருக்கு மறந்துவிட்டன. நிறுத்தவில்லை. அதே மெட்டில் குழந்தையின் பெயரையும், இன்று தாம் பூசிய சுவரின் நிறத்தையும், அடுத்த பொங்கலுக்கு வருவதாகவும் சேர்த்துப் பாடிக்கொண்டே போனார். நான் இறங்கவேண்டிய நிலையம் வந்தபோது, குழந்தை தூங்கிவிட்டதா என்று மனைவியிடம் கேட்டார். திரை ஒரு முறை ஆடியது. குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது.