மணப்பந்தலுக்கு ஒரு யூத குரு



சென்ற ஆண்டு நம் கோந்த்வாக் குடியிருப்பில் ஒரு வீட்டில் திருமணப் பேச்சு எழுந்தது. பெண் தமிழ்ப் பெண்; பிள்ளையோ மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர். "நம் சாஸ்திரிகள் ஒருவாறு இசைந்துவிட்டார், அவர்கள் பக்கத்துக் குருவை நீங்கள்தாம் தேடித் தரவேண்டும், அண்ணா" என்றார் பெண்ணின் தந்தையார். எளிய காரியம் என்றெண்ணிப் புறப்பட்டேன்.

கொங்கணக் கரையில் செக்காட்டி, சனிக்கிழமை ஓய்ந்திருந்தமையால் 'சனிவார் தேலி' எனப் பெயர் பெற்றவர்கள் இம்மக்கள். பரம்பரையாக அவர்களிடையே ரப்பி என்பவர் இல்லை. தொழுகை நடத்துபவர் ஹஸ்ஸான். நம் ஊரின் 'லால் தேவல்' தாவீது சசூன் தொடங்கி 1867இல் முற்றுப்பெற்றது. அதை வெளியிலிருந்தே பார்த்துப் போகிறவர்கள் அன்றோ நாம்!

நான் கண்ட முதியவர் ஒருவர் தேநீர் கொடுத்து, பொறுமையாகவே மறுத்தார். மோதிரம் அணிவிக்கும்போது 'மோசே, இஸ்ரேல் நெறிப்படி' என்று மணமகன் சொல்லவேண்டும். அந்நெறிக்கு இருவரும் உட்பட்டிருந்தால்தான் அச்சொல் செல்லும். "உங்கள் பெண்ணை நான் மறுக்கவில்லை; பொருளற்ற சொல்லைச் சொல்லிவைக்க என்னால் ஆகாது" என்றார். மதம் மாறுவதாயின் கல்வியும், மூவர் அடங்கிய ரப்பிகள் மன்றமும் வேண்டும். பெண் மாற விரும்பவில்லை; பிள்ளையும் கேட்கவில்லை. ஆனால் அவர்கள் மரபில் தாய்வழியே குலம். பிறக்கும் குழந்தை யூதராகக் கொள்ளப்படாது. பிள்ளையின் தாயார் கலங்கியது அதற்கே.

அமெரிக்காவில் சீர்திருத்தப் பிரிவு ரப்பிகளின் பேரவை 1973இல் கலப்பு மணத்தை ஏற்காது தீர்மானித்தது. எனினும் முடிவை அவரவர் மனச்சான்றுக்கு விட்டது. நடத்தி வைப்பவர் அங்கே உண்டு. கோந்த்வாவுக்கு யார் அழைத்து வருவது? ஏன், யூதருக்குள்ளேயே இடர் உண்டு. கொச்சியின் ஏ. பி. சேலம் அவர்களின் மகன் பரதேசி யூதப் பெண்ணை மணந்தபோது, அவ்வூர்த் தொழுகைக் கூடம் இடம் தராமையால் 1950இல் பம்பாய்க்குச் சென்றே மணம் முடித்தார்கள்.

இறுதியில் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமே கைகொடுத்தது. முப்பது நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். அவர்களுள் அடியேனும் ஒருவன். இந்துக் கூட்டுக் குடும்பத்தவர் இச்சட்டப்படி யூதரை மணந்தால் அக்குடும்பத்தினின்று பிரிந்தவராவர் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் பிள்ளை வீட்டில் 'மலிதா' படைத்தார்கள்: எலியா தீர்க்கதரிசியின் பெயரால் தேங்காயும் சர்க்கரையும் கலந்த அவல், சுற்றிலும் பழங்கள். மணத்துக்கு வாராத அம்முதியவர் இதற்கு வந்திருந்தார். பெண்ணின் தந்தையாருக்கு அருகில் அமர்ந்து, அவலைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்கள் கிருஷ்ணனுக்கும் இதுதானே பிரியம்?" என்று கேட்டார்.