அன்னாசியின் சொந்தபந்தங்கள்

ராயபுரம் தெருவோரத் தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் அன்னாசித் துண்டுக்குப் பெரிய குடும்பம் உண்டு. பெயர் புரோமிலியேசி. 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இதில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஓர் இனம் தவிர மற்ற அனைத்துக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அன்னாசியை 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். இன்று கொல்லிமலை அன்னாசிக்குத் தனிப் பெயர்.

இக்குடும்பத்தின் பல செடிகள் மரக்கிளையில் தொற்றி வளர்பவை. ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அடுக்கடுக்கான இலைகளின் நடுவே, கிண்ணத்தில் தேங்குவதுபோல் மழைநீர் தேங்கும். காட்டின் உச்சியில் அதுவே குட்டிக் குளம். சில தவளைகளின் தலைப்பிரட்டைகள் அங்கேதான் வளர்கின்றன. உள்ளே விழும் சருகு மக்கிச் செடிக்கு உரமாகிறது.

மனிதருக்கும் பயன் உண்டு. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். இறைச்சியை மென்மையாக்க உதவும். இலைநாரில் பிலிப்பைன்ஸ் மக்கள் மெல்லிய துணி நெய்கிறார்கள்.

டில்லாண்ட்சியா என்ற உறவுச் செடி, மண்ணில்லாமல் இலைச் செதில்களாலேயே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காற்றில் மிதக்கும் உலோகத் துகள்களும் அதில் படிந்து சேரும். அதனால் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் காற்று மாசை அறிய இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர் போன்ற ஆலைப் பகுதிகளுக்கும் பொருந்தக்கூடிய, மின்சாரம் வேண்டாத வழி இது.

இக்குடும்பத்தின் நீர் தேங்கும் செடிகளை அழகுக்காகத் தொட்டியில் வளர்ப்போர் இலைக் கிண்ணத்து நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். இல்லையேல் டெங்கு கொசு முட்டையிடும்.