சேர்ந்தவர்களும் முடித்தவர்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உயர்கல்வி வளர்ச்சியில் அரசுத் துறையின் பங்கு" என்று சங்கச் செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். பெரிய தலைப்பு. அரசுக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் நடத்தியவன் என்பதால், புள்ளிவிவரங்களை அடுக்கி உங்களைத் தூங்க வைத்துவிடுவேனோ என்று எனக்கே ஒரு பயம். அதனால் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். நம் கல்லூரி மாடியில் ஏறி நின்றால் ஜவ்வாது மலை தெரியும். அந்த மலைப் பிள்ளைகளுக்கு உயர்கல்வித் துறை என்ன செய்தது, இன்னும் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன். மலைக்குப் பொருந்துவது சமவெளிக்கும் பொருந்தும்.

முதலில், செய்ததைச் சொல்லிவிடுவோம். குறை சொல்வது சுலபம், நன்றி மறப்பது அதைவிடச் சுலபம்.

நம் பழைய வடஆற்காடு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் ஊரிஸ் கல்லூரி 1898-லேயே வந்துவிட்டது. திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி 1951-ல் தொடங்கியது. இரண்டும் கிறித்துவத் திருச்சபையினர் தந்த கொடை. திருச்சபையும் வராத, பெரிய வள்ளல்களும் இல்லாத ஊர்களின் கதி என்ன? திருவண்ணாமலைப் பக்கத்துக் குடியானவன் தன் பிள்ளையைப் பட்டம் படிக்க வைக்க நினைத்தால் வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும். எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

அங்கேதான் அரசு வந்தது. 1965-ல் கல்லூரிக் கல்விக்கென்று தனி இயக்ககம் அமைந்தது. அடுத்த ஆண்டே, 1966-ல், திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி. 1967-ல் செய்யாற்றில் ஒன்று. நான் கிராமத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. "கவர்ன்மெண்டு காலேஜ் வந்துடுச்சாம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டது இன்றும் காதில் இருக்கிறது. 1997-ல் தலைமைச் செயலகத்தில் உயர்கல்விக்குத் தனித் துறையே உருவானது. 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்ட வகுப்புக்கான கற்பிப்புக் கட்டணம் 2007-08-ல் நீக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. கட்சி பார்க்காமல், ஆட்சி பார்க்காமல் நடந்த வேலை இது.

பலன் என்ன? மத்திய அரசின் 2021-22 ஆய்வறிக்கைப்படி, 18 முதல் 23 வயதுக்கு உட்பட்ட மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை 47 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் அது 28.4 தான். இந்த வித்தியாசம் தானாக வந்துவிடவில்லை.

சரி, இப்போது மலைக்குப் போவோம்.

ஜவ்வாது மலையின் பெயர் உலக விஞ்ஞானிகளுக்குத் தெரியும். காவலூர் வானோக்கு நிலையம் 1960-களின் கடைசியில் அங்கே உருவானது. வேணு பாப்பு என்ற மேதை இடம் தேடி அலைந்து, நகர வெளிச்சம் படாத அந்தச் சந்தனக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே செயலுக்கு வந்தது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு நம் கணிதமேதை இராமானுஜன் பெயரையே வைத்தார்கள்.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கான மைல் தூரத்தில் இருப்பதைப் பார்க்க மலைமேல் கருவி வந்துவிட்டது. அதே மலையில் சாமை விதைக்கிறவரின் மகள் பி.எஸ்சி. இயற்பியல் படிக்க வேண்டுமானால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ வளைந்து வளைந்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, ஏதாவது ஓர் ஊரில் தங்க வேண்டியிருந்தது. இப்போது ஜமுனாமரத்தூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்திருக்கிறது. ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி மலைக்கும் 2022-ல் ஒரு கல்லூரி கிடைத்தது. துறை மலையேறிவிட்டது என்பதில் எனக்கு அளவு கடந்த மகிழ்ச்சி.

ஆனாலும், கதவு திறப்பது பாதி வேலைதான். உள்ளே வந்த பிள்ளை மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தோடு வெளியே போகிறதா என்பதுதான் மீதிப் பாதி. கல்லூரிகளில் ஜூலை மாதம் சேர்க்கைப் பதிவேட்டை எல்லோரும் கேட்பார்கள். மேலிடத்துக்கு எண்ணிக்கை போகும், பத்திரிகையில் வரும். மூன்று வருஷம் கழித்து, அதே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த நாற்பது பேரில் யார் யார் முடித்தார்கள்? மற்றவர்கள் எங்கே?" என்று பெயர் சொல்லிக் கேட்டவரை என் பணிக்காலத்தில் அதிகம் பார்க்கவில்லை. தேர்ச்சி விழுக்காடு கேட்பார்கள். அது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. எழுத வராமலே போனவன் அந்தக் கணக்கில் சேரமாட்டான்.

ஏன் நின்றுபோகிறார்கள்? "மலைப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்பவர்கள் ஆசிரியர்களிலேயே இருந்தார்கள். நான் அதை ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. நான் கண்ட காரணங்கள் வேறு.

ஒன்று, சான்றிதழ். அந்த மலையில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தோடு இந்தப் பெயருக்குச் சம்பந்தம் இல்லை. ஒரு முறை புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உனக்குச் சொந்த ஊர் கேரளாவா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் திகைத்துப்போய், "இல்ல சார், நம்ம மலைதான்" என்றாள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. பட்டியல் சாதியினருக்கான சான்றிதழை வட்டாட்சியர் தரலாம். பழங்குடிச் சான்றிதழை 1989-லிருந்து கோட்டாட்சியர் தான் தர வேண்டும். போலிகளைத் தடுக்க வந்த விதி, தேவையான விதிதான். இன்னொரு சிக்கல், சட்டப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் பழைய மாவட்டங்களின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது: தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. ஜவ்வாது மலை வடஆற்காட்டில் இருந்ததால் நம் பிள்ளைகள் தப்பித்தார்கள். ஈரோடு மாவட்டத்து மலைகளில் இருக்கும் அதே மக்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆக, ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு அவன் மதிப்பெண்ணோடு முடிவதில்லை. எந்த எல்லைக்கோட்டுக்குள் பிறந்தான் என்பதையும் பொறுத்திருக்கிறது.

இரண்டு, தங்குமிடம். கல்லூரி ஒரு துறை, விடுதி வேறொரு துறை, சான்றிதழ் மூன்றாவது துறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள்காட்டி. நான் வேலை பார்த்த ஓர் ஊரில், கல்லூரி தொடங்கி ஒரு மாதத்துக்கு மேலாகியும் விடுதியில் இடம் ஒதுக்கவில்லை. முதலாண்டு மாணவன் ஒருவன் அடிக்கடி மட்டம் போட்டான். கூப்பிட்டுக் கண்டித்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"சார், பாடம் புரியாம இல்ல. ஹாஸ்டல் இன்னும் கெடைக்கல. தெனம் மலை எறங்கி ஏறுனா பஸ்ஸுக்கே நூறு ரூபா ஆவுது. கடைசி பஸ்ஸ உட்டா ஸ்டாண்டுலதான் படுக்கணும். ரெண்டு நாள் படுத்தேன் சார்."

அவனுக்கு ஆசிரியர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் அறை பிடித்துக் கொடுத்தோம். ஐப்பசியில் விடுதி கிடைத்துவிட்டது. பட்டம் முடித்தான். இப்போது ஆசிரியராக இருக்கிறான். இதில் எங்கள் பெருமை ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதத்துக்கு ஆன செலவு மிகச் சின்னத் தொகை. அது இல்லாவிட்டால் ஒரு பட்டம் போயிருக்கும் என்பதுதான் விஷயம்.

மூன்று, முதல் பருவத் தேர்வு. உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து தமிழ் வழியில் வந்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கிலத் தாளைப் பார்த்து மிரளுகிறான். இரண்டு தாள் அரியர் விழுந்ததும் ஊருக்குப் போகிறான். அங்கே சாமை அறுவடை நேரம். "போனது போவட்டும்டா, கூலிக்கு ஆள் கூப்பிடறாங்க" என்று வீட்டில் சொன்னால், திரும்பி வருவானா?

அப்படிப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிலர் காப்பித் தோட்டத்துக்கு. சிலரை ஏஜெண்டுகள் செம்மரம் வெட்டக் கூட்டிப்போனார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் மாவட்டத்து மலைக்கிராமத்தார்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குப் பழைய வருகைப் பதிவேடுகள்தான் நினைவுக்கு வந்தன. படிப்பை விட்டு நின்ற பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு போடுவோம். அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில், ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற இளம்பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். பிரசவமாகி ஒரு சில நாளிலேயே போய்த் தேர்வு எழுதினார். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் துணை நின்றது. அவர் உழைப்புக்கு முன்னால் நாம் தலைவணங்க வேண்டும். அதே நேரம், பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்து ஓடுகிற மன உறுதி இருந்தால்தான் மேலே வரமுடியும் என்கிற நிலைமையை நாம் மாற்றவும் வேண்டும். சாதாரணப் பிள்ளை, சாதாரண முயற்சியில், பட்டம் வாங்க முடிய வேண்டும். அதுதான் விரிவாக்கம்.

துறைக்கு என் பணிவான வேண்டுகோள்கள் மூன்று. சேர்ந்தவர் பட்டியலோடு முடித்தவர் பட்டியலையும் ஆண்டுதோறும் ஒவ்வொரு கல்லூரியும் பெயர்வாரியாக வெளியிட வேண்டும். மலைப்பகுதி மாணவர்களுக்குக் கல்லூரி தொடங்கும் நாளிலேயே விடுதியும் திறக்க, துறைகள் கூடிப்பேசி ஒரே நாள்காட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மலைக் கல்லூரிகளுக்கு வருஷத்துக்கு வருஷம் மாறுகிற கௌரவ விரிவுரையாளர்களை மட்டும் நம்பாமல், நிலையான ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். பிள்ளை பேரை மனப்பாடமாகத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், பாதிப் பேர் நிற்கமாட்டார்கள்.

அரசு செய்யட்டும் என்று நாம் கை கட்டி நிற்கலாமா? இந்தச் சங்கத்தில் வங்கி மேலாளர் இருக்கிறீர்கள், வழக்கறிஞர் இருக்கிறீர்கள், வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போவதோடு, இரண்டு காரியம் செய்வோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, விடுதி கிடைக்காத முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் பஸ் செலவும் தர ஒரு சிறு நிதி வைப்போம். மே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூர் போய், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு விண்ணப்பமும் சான்றிதழ் மனுவும் எழுதிக்கொடுத்துவிட்டு வருவோம். பெட்ரோல் செலவு என்னுடையது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மலைப் பிள்ளை மூன்று நாள் வரவில்லையென்றால், நான்காம் நாள் போன் போட்டு, "ஏன்டா வரல?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எந்த அரசாணையும் வேண்டாம். மலையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் லீவுக்குப் போகும்போது உங்கள் ஊரில் பிளஸ் டூ படிக்கும் ஒருவரை உட்கார வைத்து, கல்லூரி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுங்கள். எங்கள் பேச்சைவிட உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அடுத்த ஆண்டு விழாவில் சங்கம் வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கும் வாசிக்கட்டும்: இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள், இத்தனை பேர் நின்றார்கள், அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போய்ப் பார்த்தோம் என்று.